யூ.எஸ்.பி. டியூனர்: வெள்ளவத்தையில் படம் தெரிகிறது, பேச்சு கேட்கவில்லை

#1 அலையோரம்

அனைவருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றில், தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். முன்னறையில் ஒரு மேசையும் இரண்டு கதிரைகளும் போட்டதன் பின்னர் தொலைக்காட்சிப் பெட்டிக்கு இடமில்லை. எனவே மடிக்கணினியுடன் பொருத்தி வைத்திருக்கும் பழைய 19 அங்குலத் திரையிலேயே அப்பாவுக்கு இரவுச் செய்தியைக் காட்டலாம் என்று எண்ணி, புறக்கோட்டையில் ஒரு கடையில், தொலைக்காட்சி அலையை வாங்கிக் கணினிக்குக் கொடுக்கும் யூ.எஸ்.பி. டியூனர் குச்சி ஒன்றை வாங்கி வந்தேன். பெட்டியில் உற்பத்தியாளரின் பெயர் கிடையாது. உள்ளே இருப்பது ஈ.எம்.28 வரிசைச் சில்லு என்று விண்டோஸ் 10 காட்டுகிறது. கூடவே சாண் அளவு கூட இல்லாத, அடியில் காந்தம் பதித்த அன்டெனா ஒன்றும், தொலையியக்கி ஒன்றும், மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகள் கொண்ட வயர் ஒன்றும் வந்தன.

மென்பொருளை நிறுவியதும் நாட்டைத் தெரிவு செய்யச் சொன்னது. பட்டியலில் இலங்கை இல்லை. மின்செருகி முதல் சட்டப் புத்தகம் வரை ஆங்கிலேயர் வைத்துவிட்டுப் போனவைதானே என்று நினைத்து, ஐக்கிய இராச்சியத்தைத் தெரிவு செய்தேன். தேடல் முடிந்தபோது ஒன்பது சனல்கள் கிடைத்தன. படம் தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு முகத்துக்கும் வலப்பக்கத்தில் மங்கலான இரண்டாவது முகம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேச்சு அறவே இல்லை, அடுப்பில் எண்ணெய் காய்வது போன்ற இரைச்சல் மட்டுமே கேட்கிறது. நாட்டின் பழைய சேவைகளான ரூபவாஹினியும் ஐ.டி.என்.னும் தேடலில் அகப்படவேயில்லை. கடைக்காரரிடம் திரும்பிப் போனேன். "பொருளில் பிழை இல்லை, மாற்றித் தர ஏலாது" என்று அவர் முடித்துவிட்டார். இது டியூனரின் குறையா, மடிக்கணினியின் குறையா, அல்லது என்னுடைய குறையா என்பதை அறிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

#2 மின்மினி

கடைக்காரர் கூறியது இந்த முறை சரியாக இருக்கக்கூடும் என்று அஞ்சுகிறேன்.

அனலொக் ஒளிபரப்பில், அதாவது டிஜிற்றலுக்கு முந்திய பழைய முறையில், படத்துக்கு ஓர் அலையும் ஒலிக்கு வேறோர் அலையுமாக இரண்டு அலைகள் ஒரே சனலுக்குள் அருகருகே வருகின்றன. இலங்கை பின்பற்றுவது பி.ஏ.எல். என்ற வண்ணத் தொலைக்காட்சி முறையின் பி/ஜி வகையாகும். இதில் படத்தின் அலையிலிருந்து 5.5 மெகாஹேர்ட்ஸ் தள்ளி ஒலி அமர்ந்திருக்கும். பிரித்தானியா பயன்படுத்தி வந்த பி.ஏ.எல். ஐ முறையில் அந்த இடைவெளி 6 மெகாஹேர்ட்ஸ். இரண்டிலும் படம் 625 வரிகளால் ஆனது, நிறத்தைக் கொண்டுவரும் முறையும் ஒன்றே. ஆகவே உங்களுக்குப் படம் ஒழுங்காக வந்தது. ஒலியைத் தேடிய டியூனரோ அரை மெகாஹேர்ட்ஸ் தள்ளி, ஒருவரும் பேசாத இடத்தில் காதை வைத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் கேட்ட இரைச்சல் அதுதான்.

பழைய சேவைகள் அகப்படாததற்கும் இதே தெரிவுதான் காரணம். பிரித்தானியாவில் 625 வரித் தொலைக்காட்சி யூ.எச்.எஃப். எனும் மேல் அலைப்பட்டையில் மட்டுமே இயங்கியது. எனவே அந்நாட்டைத் தெரிவு செய்தால், அந்தப் பழைய சேவைகள் வரும் வீ.எச்.எஃப். எனும் கீழ்ப் பட்டையை மென்பொருள் எட்டியும் பார்க்காது. பட்டியலில் ஜேர்மனியையோ இந்தியாவையோ தெரிவு செய்து மீண்டும் தேடுங்கள். அவை இரண்டும் அனலொக்கில் பி/ஜி முறையைப் பின்பற்றிய நாடுகள்.

அதன் பின்னரும் பேச்சு வராவிட்டால், விண்டோஸின் ஒலி அமைப்பில் பதிவுக் கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். இவ்வகைக் குச்சிகள் பலவற்றில் படம் ஒரு கருவியாகவும் ஒலி தனியான இன்னொரு கருவியாகவும் கணினிக்குத் தெரியும். முன்பு பி.டி.878 சில்லுடன் வந்த உள்பொருத்து அட்டைகளில் இத்தொல்லை கண்ணுக்கே தெரிந்தது. டியூனர் அட்டையிலிருந்து ஒலி அட்டையின் உள்வாங்கு துளைக்கு ஒரு குட்டி வயரைக் கொழுவ மறந்தவர்கள் எல்லோரும் ஊமைப்படம் பார்த்தவர்களே.

#3 தெஹிவளையான்

கேட்பதற்கு மன்னிக்கவும். அநேகமான உள்ளூர்ச் சேவைகளின் செய்தியறிக்கைகள் இணையத்தில் நேரலையாகவே கிடைக்கும் இக்காலத்தில், அன்டெனாவும் வயரும் சனல் தேடலுமாக இத்தனை பாடுபடுவதற்கு என்ன அவசியம்? கைப்பேசியைத் திரையுடன் இணைத்தால் விடயம் முடிந்துவிடுமே.

#4 அலையோரம்

மின்மினி அவர்களுக்கு மிகுந்த நன்றி. ஜேர்மனியைத் தெரிவு செய்து தேடியபோது சனல்கள் பதினான்காகக் கூடின. ரூபவாஹினியும் ஐ.டி.என்.னும் பட்டியலின் முதல் வரிகளில் வந்து அமர்ந்தன. பேச்சு திடீரென்று முழு ஒலியுடன் வந்ததில், உள்ளறையில் படுத்திருந்த அப்பா "ஆர் வந்திருக்கினம்?" என்று கேட்டார்.

தெஹிவளையான் கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் நிலையான இணைப்புக் கிடையாது. கைப்பேசியின் டேட்டா பொதியைத்தான் மூவரும் பகிர்ந்துகொள்கிறோம். ஓரளவு தெளிவான நேரலை ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு கிகாபைற் வரை தின்றுவிடும். அப்பாவோ செய்தியை ஒரு சனலில் பார்த்து நிறைவடைபவர் அல்லர். ஒரே செய்தியைச் சக்தியிலும் வசந்தத்திலும் நேத்ராவிலும் மாறி மாறிப் பார்த்து, யார் எதை விட்டுவிட்டார்கள் என்று கணக்கெடுப்பார். மேலும், கிரிக்கெட் நடக்கும் நாட்களில் கீழ்மாடியினர் கூச்சலிட்டு ஓய்ந்ததன் பின்னர்தான் எங்கள் கைப்பேசியில் விக்கெட் விழுகிறது.

இனி மிஞ்சியிருப்பது அந்த இரட்டை முகம்தான். அன்டெனாவை மேசையிலிருந்து யன்னல் கம்பிக்கு மாற்றினேன். புள்ளிகள் குறைந்தன. ஆனால் நிழல் போகவில்லை. பூஸ்டர் ஒன்று வாங்கினால் சரியாகுமா?

#5 கம்பிக்காரர்

தம்பி, பூஸ்டருக்குக் காசைக் கொட்ட வேண்டாம். கொட்டாஞ்சேனையில் இருபத்தாறு ஆண்டுகள் தொலைக்காட்சி திருத்தும் கடை வைத்திருந்தவன் என்ற முறையில் கூறுகிறேன்: திருத்தக் கொண்டுவரப்பட்ட பெட்டிகளில் பாதிக்கு மேல் நோய் கூரையில்தான் இருந்தது. பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தவர்களிடம் இதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். உங்கள் டியூனரும் ஒரு பெட்டிதான். படக்குழாய் இல்லாத பெட்டி, அவ்வளவே.

நீங்கள் காணும் நிழலை நாங்கள் "பேய்" என்போம். ஒளிபரப்புக் கோபுரத்திலிருந்து நேரே வந்த அலை ஒரு படத்தைத் தருகிறது. அதே அலை எங்கோ ஒரு பெரிய சுவரில் பட்டுத் திரும்பி, சற்றுப் பிந்தி வந்து சேரும்போது அதே படம் இன்னொரு தடவை, வலப்பக்கம் தள்ளி விழுகிறது. பூஸ்டர் முதலாவது அலையையும் பெருக்கும், பிந்தி வந்த அலையையும் பெருக்கும். பேய் பருமனாவதைத் தவிர வேறு பயனில்லை. பூஸ்டர் என்பது அன்டெனாவில் நல்ல சமிக்ஞை கிடைத்து, அது நீண்ட வயரில் தேய்ந்துபோகிறபோது மட்டும் உதவும் பொருளாகும். அப்போதும் அதை அன்டெனாவின் அடியில் வைக்க வேண்டுமேயன்றிப் பெட்டிக்குப் பக்கத்தில் அல்ல.

பேய் எங்கிருந்து வருகிறது என்பதை ஓர் அடிமட்டத்தால் அளக்கலாம். உங்கள் திரை பழைய 4:3 வடிவமாயின் அதன் அகலம் ஏறத்தாழ 38 சென்ரிமீற்றர். பி.ஏ.எல். படத்தின் ஒரு வரி, கண்ணுக்குத் தெரியும் பகுதி, 52 மைக்ரோசெக்கனில் இடமிருந்து வலம் வரையப்படுகிறது. ஆகவே திரையில் ஒரு சென்ரிமீற்றர் என்பது 1.37 மைக்ரோசெக்கன். வானலை ஒரு மைக்ரோசெக்கனில் 300 மீற்றர் ஓடும். எனவே நிழல் ஒரு சென்ரிமீற்றர் தள்ளி விழுந்தால், திரும்பி வந்த அலை 410 மீற்றர் கூடுதலாகச் சுற்றி வந்திருக்கிறது. அந்தச் சுவர் உங்களுக்கு நேர் பின்னால் இருந்தால் அதில் பாதித் தூரத்திலும், கோபுரத் திசைக்குச் செங்குத்தாகப் பக்கவாட்டில் இருந்தால் ஏறத்தாழ அதே தூரத்திலும் இருக்கும். செய்தி வாசிப்பவரின் மூக்கை வைத்து அளக்க வேண்டாம், அவர் தலையை ஆட்டுவார். திரையின் மூலையில் அசையாமல் நிற்கும் சனல் முத்திரையை வைத்து அளந்து எழுதுங்கள்.

பரிகாரம் ஒன்றுதான்: ஒரு பக்கம் மட்டும் பார்க்கும் அன்டெனா. நீங்கள் வைத்திருக்கும் காந்தக் குச்சி எல்லாத் திசைகளிலிருந்தும் ஒரே அளவாக வாங்கும். நீண்ட குழாயில் குறுக்குக் கம்பிகள் வரிசையாக அமைந்த யாகி அன்டெனா முன்னால் வருவதை வாங்கி, பின்னாலும் பக்கத்திலும் வருவதைப் பெருமளவு தள்ளிவிடும். கம்பியின் நீளத்தையும் கவனியுங்கள். 200 மெகாஹேர்ட்ஸ் அளவிலான வீ.எச்.எஃப். அலைக்கு அரை அலைநீளம் 75 சென்ரிமீற்றர். 600 மெகாஹேர்ட்ஸ் யூ.எச்.எஃப். அலைக்கு 25 சென்ரிமீற்றர். குட்டிக் கம்பிகள் மட்டும் உள்ள அன்டெனாவை வாங்கி வந்துவிட்டு ரூபவாஹினி புழுதியாகத் தெரிகிறது என்று வருந்துவதில் அர்த்தமில்லை. இரு வகைக் கம்பிகளும் கொண்டதை வாங்குங்கள். கம்பிகள் கிடையாக நிற்க வேண்டுமா, நிலைக்குத்தாக நிற்க வேண்டுமா, எந்தத் திசையை நோக்க வேண்டும் என்பதற்குப் புத்தகம் தேவையில்லை. மொட்டைமாடிக்கு ஏறி, அயலவர்களின் பழைய அன்டெனாக்கள் எப்படி நிற்கின்றன என்று பாருங்கள்.

இன்னொன்று. நீங்கள் கடலோரம் இருக்கிறீர்கள். உங்கள் தொடர்மாடியின் கூரையில் முன்பு யாரோ விட்டுச் சென்ற அன்டெனா இருந்தால், அதன் வயரை அப்படியே நம்பிக் கொழுவ வேண்டாம். இணைப்பியைக் கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்றில் செம்புக்கம்பி களிம்பேறிப் பச்சையாக இருக்கும். வெளிவலையின் மயிர் போன்ற ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தாலே போதும், சமிக்ஞை அங்கேயே செத்துவிடும். ஓரடி வெட்டி எறிந்து, உள்ளே செம்பு பளிச்சென்று தெரியும் இடத்தில் புதிய இணைப்பியைப் போடுங்கள். வயர் ஆர்.ஜி.6 எனும் தடித்த அன்டெனா வயராக இருக்கட்டும். யூ.எச்.எஃப். மேற்பகுதியில் அதுவே 100 மீற்றருக்குச் சமிக்ஞையில் 18 முதல் 20 டெசிபெல் வரை விழுங்கும். மெல்லிய பழைய வயர் இதைவிடப் பெருந்தீனிக்காரன்.

#6 இரவுப்பறவை

அனலொக்குடன் மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு ஒரேயடியாக டிஜிற்றலுக்கு மாறலாம் அல்லவா? ஜேர்மனியில் இருக்கும் எனது மச்சான் அனுப்பிய குச்சியில் ஆர்.டி.எல்.2832யூ சில்லு இருக்கிறது. பெருவிரல் அளவுதான். அங்கே அவர் அதில் மிகத் தெளிவாகப் பார்த்தாராம். இங்கே நான் இன்னமும் அதைப் பொருத்திப் பார்க்கவில்லை. ஆனால் பேய், புள்ளி, இரைச்சல் என்ற பேச்சுக்கே டிஜிற்றலில் இடமில்லை என்பது உலகறிந்தது. அலையோரம் அவர்களும் அத்தகைய ஒன்றை வாங்கிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

#7 மின்மினி

இரவுப்பறவை கூறியதில் ஒரு பாதி உண்மை. டிஜிற்றலில் பேய் தோன்றாது. டி.வி.பி.-டி எனும் ஐரோப்பிய டிஜிற்றல் முறையில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் முன்பாக ஒரு காவல் இடைவெளி விடப்படுகிறது. 8 மெகாஹேர்ட்ஸ் சனலில் அது 224 மைக்ரோசெக்கன் வரை நீளலாம். அந்த இடைவெளிக்குள், அதாவது 67 கிலோமீற்றர் வரை சுற்றி வந்த அலைகளாக இருந்தாலும், வாங்கும் கருவி அவற்றைச் சமாளித்துவிடும். கம்பிக்காரர் ஐயாவின் அடிமட்டத்துக்கு அங்கே வேலையில்லை.

மற்றப் பாதிதான் சிக்கல். டிஜிற்றல் என்பது ஒரே மொழி அல்ல. அந்தச் சில்லுக்குத் தெரிந்தது டி.வி.பி.-டி மட்டுமே. அதற்குப் பின்வந்த டி.வி.பி.-டி2 கூட அதற்குப் புரியாது. ஜேர்மனியே 2017 இல் டி2வுக்கு மாறத் தொடங்கியதன் பின்னர் அங்கேயே வேலையில்லாமல் போன குச்சிதான் உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். இலங்கையோ 2014 இல் ஜப்பானின் ஐ.எஸ்.டி.பி.-டி முறையைத் தெரிவு செய்தது. அதன் பின்னர் ஆட்சிகள் மாறின, கடன் நெருக்கடி வந்தது, திட்டம் இழுபட்டது. இன்றுவரை நமது கூரைகளில் வந்து விழுவது அனலொக்தான். தாத்தா காலத்து முறை என்று நாம் பரிகசிக்கும் அதே முறையின் டியூனர்தான் இன்று கொழும்பில் உள்ளூர்ச் சேவைகளை இலவசமாகக் காட்டக்கூடியது.

சரி, ஜப்பானிலிருந்து பழைய குச்சியொன்றைத் தருவித்து வைத்துக்கொள்வோமா என்று யாரேனும் கேட்பதற்கு முன்பே கூறிவிடுகிறேன். ஜப்பானில் ஒரு சனல் 13 துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, அவற்றில் ஒன்று கைப்பேசிகளுக்காக ஒதுக்கப்பட்டது. மலிவான குச்சிகள் அந்த ஒற்றைத் துண்டை மட்டுமே வாங்கும். படம் முத்திரை அளவில் இருக்கும். முழுத் துண்டுகளையும் வாங்கும் கருவிகளோ அந்நாட்டுக்கே உரிய, ஒளிபரப்பின் பூட்டைத் திறக்கும் பீ-காஸ் அட்டையைக் கேட்கும். அவற்றின் சனல் அட்டவணையும் 6 மெகாஹேர்ட்ஸ் அகலத்துக்கு வகுக்கப்பட்டது. இங்கே டிஜிற்றல் ஒளிபரப்பு உண்மையாகவே தொடங்கி, கடையில் ஒரு கருவி அதைப் பிடித்துக் காட்டுவதைக் கண்ணால் கண்டதன் பின்னர் பணத்தை எடுப்பதே புத்தி. 1982 இல் ரூபவாஹினியை அமைத்துத் தந்ததும் ஜப்பான்தான். ஆனால் அவர்களுடைய சொந்த நாட்டில் இருந்தது என்.டி.எஸ்.சி. முறை, நமக்கு அமைந்தது பி.ஏ.எல். ஒரு நாட்டின் உதவியைப் பார்த்து அதன் கருவியும் பொருந்தும் என்று முடிவுகட்ட முடியாது என்பதற்கு இது பழைய உதாரணம்.

உங்கள் குச்சியை எறிந்துவிட வேண்டாம். அதை மென்பொருள் வானொலியாக, அதாவது வாங்கிய அலையைக் கணினியின் மென்பொருளே பிரித்தறியும் வானொலியாக, பயன்படுத்தலாம் என்று 2012 இல் கண்டறியப்பட்டது. எஃப்.எம். வானொலி கேட்கலாம், 1090 மெகாஹேர்ட்ஸில் கட்டுநாயக்காவுக்கு இறங்கும் விமானங்கள் அறிவிக்கும் இருப்பிடத்தைத் திரையில் புள்ளிகளாகப் பார்க்கலாம். அதே வழியில் அனலொக் தொலைக்காட்சியைப் பார்க்கலாமா என்றால், அது ஒரு நேரத்தில் விழுங்கும் அகலம் 2.4 மெகாஹேர்ட்ஸ் அளவுதான். படத்துக்கோ 5 மெகாஹேர்ட்ஸ் வேண்டும். கறுப்பு வெள்ளையில், கலங்கிய தண்ணீருக்குள் பார்ப்பது போல ஏதோ தெரியும். அப்பாவுக்குக் காட்டத்தக்கதல்ல.

#8 இரவுப்பறவை

இப்போதுதான் பொருத்திப் பார்த்தேன். மின்மினி கூறியவாறே நடந்தது. தேடல் நூறு விழுக்காடு ஓடி முடிந்து, கிடைத்த சனல்கள் பூச்சியம் என்று காட்டியது. வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனாலும் டிஜிற்றலுக்கு இன்னொரு வாசல் உண்டு என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். செய்மதியில் வருவது டி.வி.பி.-எஸ், எஸ்2 முறைகள்தான். அதற்கான கணினி அட்டைகளும் யூ.எஸ்.பி. பெட்டிகளும் இருக்கின்றன. 93.5 பாகை கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15 செய்மதியில், இந்தியாவின் இலவசச் செய்மதிச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் சேவையின் சனல்களிற் பல பூட்டில்லாமல் வருகின்றன. கொழும்பிலிருந்து கணக்கிட்டால் தட்டு அடிவானத்துக்கு 72 பாகை மேலே, வடக்கிலிருந்து 116 பாகையில், அதாவது கிழக்குக்குச் சற்றுத் தெற்கே நோக்க வேண்டும். ஏறத்தாழ உச்சிவானம் என்பதால் அயல் கட்டடங்கள் மறைக்காது. மழை கொட்டும்போது மட்டும் படம் உறைந்துவிடும். யூ.எஸ்.பி. வகையை வாங்குபவர்கள் அதனுடன் தனி மின்வழங்கி வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். தட்டின் தலையிலுள்ள எல்.என்.பி. எனும் அலைவாங்கும் கருவிக்கு 13 அல்லது 18 வோல்ற்று அனுப்ப வேண்டும். யூ.எஸ்.பி. துளை தருவதோ 5 வோல்ற்றில் அரை அம்பியர். தனி மின்வழங்கி இல்லாமல் விற்கப்படும் பெட்டி பெரும்பாலும் அலங்காரப் பொருளாகவே இருக்கும்.

#9 தெஹிவளையான்

முன்பு நான் சற்று அவசரப்பட்டுப் பேசிவிட்டேன். இந்த இழையை வாசித்ததும் இரண்டு விடயங்கள் நினைவுக்கு வந்தன.

முதலாவது, 2022 மார்ச் இறுதி. மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலத்தைத் தொட்டபோது எங்கள் வீட்டின் இணையப் பெட்டி செயலிழந்தது, சற்று நேரத்தில் கைப்பேசிக் கோபுரமும் அடங்கிப் போனது. எதிர்வீட்டு மாணவர் ஒருவர் மடிக்கணினியின் மின்கலத்தில் ஒரு டியூனர் குச்சியை ஓடவிட்டு, மெழுகுதிரி வெளிச்சத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். ஒழுங்கையில் பாதிப்பேர் அவருடைய வாசலில் நின்றோம். இணையமே போதும் என்று கேட்டவன் அதை மறந்திருக்கக் கூடாது.

இரண்டாவது, நானும் ஒரு காலத்தில் டியூனர் அட்டை வைத்திருந்தவன்தான் என்பது. 2014 ஏப்ரல் 6 அன்று இருபதுக்கு இருபது உலகக்கிண்ண இறுதியாட்டத்தைப் பதிவு செய்ய வைத்துவிட்டு நண்பன் வீட்டுக்குப் போனேன். எம்பெக்-2 வடிவம், செக்கனுக்கு 6 மெகாபிற், பதிவு போய்ச் சேர்ந்தது வெளிவன்வட்டு ஒன்றில். இலங்கை வென்றது. ஆடிப்பாடிவிட்டு நள்ளிரவுக்குப் பின் வந்து பார்த்தால் கோப்பு 95 நிமிடத்தில் அறுந்து நிற்கிறது. வன்வட்டு ஃபாட்32 முறையில் அமைக்கப்பட்டிருந்தது. அதில் ஒரு கோப்பு 4 கிகாபைற்றைத் தாண்ட முடியாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், மிகச் சரியாக அந்த இடத்தில்தான் அறுந்திருந்தது. கோலியின் 77 ஓட்டங்களும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. சங்கக்காரவின் ஆட்டமிழக்காத 52 இல்லை. அந்தக் கோப்பை நான் இன்னமும் அழிக்கவில்லை என்பதை வெட்கத்துடன் கூறிக்கொள்கிறேன். பதிவு செய்ய நினைப்பவர்கள் வன்வட்டை என்.டி.எஃப்.எஸ். முறைக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

#10 மின்மினி

பதிவு பற்றிய பேச்சு வந்ததால் ஒரு சேர்க்கை. அலையோரம் அவர்களின் குச்சியில் எம்பெக் சில்லு இல்லையென்றால், அது படத்தைச் சுருக்காமல் அப்படியே அனுப்பும். 720 புள்ளி அகலம், 576 வரி, செக்கனுக்கு 25 படம் என்றால் செக்கனுக்கு 20.7 மெகாபைற், மணிக்கு 75 கிகாபைற் வரும். இதை ஓடும்போதே சுருக்குவது மடிக்கணினியின் வேலை. விசிறி இரைந்தால் அதுதான் காரணம். குச்சியை யூ.எஸ்.பி. பகிர்வியில் வன்வட்டுடன் சேர்த்துச் செருக வேண்டாம், தனித் துளையில் செருகுங்கள்.

செய்தியின் அடியில் ஓடும் எழுத்துகள் சீப்புப் பற்களைப் போலக் கிழிந்து தெரிந்தால் அது அன்டெனாவின் குறையல்ல. அனலொக்கில் ஒற்றைவரிகள் ஒரு முறையும் இரட்டைவரிகள் மறுமுறையுமாகச் செக்கனுக்கு 50 அரைப்படங்கள் வருகின்றன. கணினித் திரை இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டும்போது, ஓடுகிற எழுத்து இரண்டு இடங்களில் நிற்கும். வீ.எல்.சி. எனும் காணொளி மென்பொருளில், இதைச் சீராக்கும் டீஇன்டர்லேஸை இயக்கி, அதன் வகைகளில் யாடிஃப் 2எக்ஸைத் தெரிவு செய்யுங்கள்.

#11 கம்பிக்காரர்

அளந்தீர்களா, தம்பி? சித்திரை மாதத்துப் பின்னேர இடி தொடங்குவதற்கு முன்னர் அன்டெனாவை ஏற்றிவிடுங்கள். ஏற்றியதன் பின்னர், வானம் கறுத்தால் வயரைக் குச்சியிலிருந்து கழற்றிவிட வேண்டும். ஆளியை அணைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. மின்னல் வருவது ஆளி வழியாக அல்ல, அன்டெனா வயர் வழியாக. தொலைக்காட்சிப் பெட்டியில் அது ஒரு டியூனரைக் கொல்லும். உங்களிடத்திலோ குச்சி, மடிக்கணினி, அதற்குள் இருக்கும் உங்கள் வேலை எல்லாவற்றையும் சேர்த்துக் கொல்லும்.

#12 அலையோரம்

ஐயா, அளந்தேன். முத்திரைக்கும் அதன் நிழலுக்கும் இடையே 8 மில்லிமீற்றர். உங்கள் கணக்கின்படி 330 மீற்றர் கூடுதல் சுற்று. மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தபோது அயலவர்களின் அன்டெனாக்கள் எல்லாம் நகரின் உட்பக்கத்தை நோக்கியிருந்தன. பின்னால் கடலைத் தவிர வேறொன்றுமில்லை. தெஹிவளைப் பக்கமாக, ஏறத்தாழ அத்தனை தூரத்தில், அண்மையில் எழுந்த கண்ணாடி முகப்புத் தொடர்மாடி ஒன்று மட்டும் நிமிர்ந்து நின்றது. வீட்டுக்காரரிடம் அனுமதி பெற்று, இரு வகைக் கம்பிகளும் உள்ள யாகி அன்டெனாவைப் படிக்கட்டுக் கூட்டின் வடபுறச் சுவரோடு பொருத்தினேன். தெற்கிலிருந்து வருவதைக் கொங்கிரீட் சுவர் மறைக்கட்டும் என்பது என் யோசனை. முன்பு நிழலில் முத்திரையின் எழுத்தை வாசிக்க முடிந்தது. இப்போது எங்கே இருக்கிறது என்று தெரிந்து தேடினால் மட்டுமே ஒரு சாம்பல் கோடு தென்படுகிறது.

கூரையில் யாரோ விட்டுச் சென்ற வயரும் இருந்தது. இணைப்பியைத் திருகியபோது அது கையோடு கழன்று வந்தது. உள்ளே நீங்கள் கூறிய அதே பச்சை. ஓரடி போதவில்லை, ஐந்து அடி வெட்டியும் செம்பு கறுத்தே இருந்ததால் புதிய ஆர்.ஜி.6 வயரை 22 மீற்றர் வாங்கி இழுத்துவிட்டேன்.

இன்னும் தீராதது ஒன்று. மடிக்கணினியின் மின்னேற்றி செருகியிருக்கும் வேளையில் ரூபவாஹினியில் மட்டும் சரிவான மெல்லிய கோடுகள் நெளிகின்றன, யூ.எச்.எஃப். சனல்களில் இல்லை. மின்னேற்றியைக் கழற்றினால் உடனே மறைகின்றன. குச்சியை அரை மீற்றர் நீட்டிப்பு வயரில் தள்ளிவைத்ததில் பாதி குறைந்தது. மிச்சத்துக்கு அப்பாவே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்: ஏழரை மணிவரை மின்னேற்றி, செய்தி தொடங்கும் நேரத்தில் தன் கையாலேயே கழற்றி, மூன்று சனல்களையும் பார்த்து முடித்த பின்னர் மீண்டும் செருகிவிடுகிறார்.